அக்காவின் பென்சில் கோடுகள்

பதினாறு தாள்களை ஒட்டுநாடாவால் இணைத்துச் செய்த வரைபடம் அது. மடிப்புகளில் நாடா பழுத்து மஞ்சளாகிவிட்டது. விரித்தால் எங்கள் சாப்பாட்டு மேசையை மூடிவிடும். இடப்பக்கம் ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட். வலப்பக்கம் அதன் தூரத்து உறவான இன்னொரு ஈஸ்ட், மொட்டு விடாமல் நடுவில் பிளந்து இரண்டாகும் வகை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு புரதம். ஒரு புரதம் இன்னொன்றைப் பற்றிக்கொண்டு வேலை செய்தால் இரண்டுக்கும் இடையே ஒரு கோடு. எப்போதோ பிரிந்துபோன இரண்டு உயிர்களில் எந்தப் பிடிகள் அப்படியே இருக்கின்றன, எவை விட்டுப்போயின என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. எங்கள் என்றால், நானும், ஆய்வகத்தில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர் என்பதால் நான் அக்கா என்று கூப்பிட்டவரும்.

அக்காவின் பெற்றோர் இருவரும் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியர்கள். அவர்களிடமிருந்து வந்ததோ என்னவோ, ஒரு பென்சில் டப்பா எப்போதும் கைப்பையில் இருக்கும். இரண்டு ஈஸ்டிலும் இருக்கும் பிடிக்கு நீலக் கோடு. ஒன்றில் இருந்து, மற்றதில் சோதித்துப் பார்த்தும் இல்லையென்றால் சிவப்பு. யாருமே சோதித்துப் பார்க்காத ஜோடிக்குப் பென்சிலில் புள்ளிக் கோடு. கோடு இல்லாத ஒவ்வொரு இடத்துக்கும் பழைய கட்டுரைகளைப் புரட்டி, சோதித்தார்களா இல்லையா என்று பார்த்த பிறகே கை வைப்பார். ஒரு நாளைக்கு ஐந்து ஜோடி முடிந்தால் அதிகம். நான் கணினியில் ஒரே மதியத்தில் முழுப் பட்டியலையும் ஒப்பிட்டுவிட்டு, அவர் பென்சில் சீவுவதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒப்பிட்டபோதுதான் ஒரு புரதம் கண்ணில் பட்டது. ரொட்டி ஈஸ்டில் ஏழு கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தது, மற்றதில் தன்னந்தனியாக நின்றது. உறவுகள் அறுந்துபோய்விட்டன என்று எழுதி, கருத்தரங்குக்கான சுருக்கத்தையும் தயார் செய்துவிட்டேன். வாராந்திரக் கூட்டத்தில் எங்கள் ஆய்வு வழிகாட்டியான சார் பாராட்டத் தொடங்கிய நேரத்தில் அக்கா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அந்த ஏழு ஜோடிய யாராவது டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. இரண்டாவது ஈஸ்டில் வேலை செய்தவர்கள் குறைவு. வெற்றிடம் ஈஸ்டில் அல்ல, எங்கள் அறிவில் இருந்தது. சார் என் தாளை மூடி வைத்துவிட்டு, அக்காவின் வரைபடத்தைக் காட்டச் சொன்னார். கூட்டம் முடிந்ததும் ரெண்டு பேரும் உட்கார்ந்து ஏழையும் பார்த்துவிடலாம் என்று அக்கா கூப்பிட்டார். நான் போகவில்லை. அந்த வருடக் கடைசியில் ஆய்வையே விட்டேன். குடும்பச் சூழ்நிலை என்று எல்லோரிடமும் சொன்னேன், மனைவியிடமும். உண்மையில் அவர் பென்சில் சீவும் சத்தம்கூட எனக்குத் தாங்கவில்லை.

அக்கா பேராசிரியர் ஆனார். நான் குரோம்பேட்டையில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். இதையெல்லாம் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன், என் மகள் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு அவரிடமே போய்ச் சேரும் வரை. வீட்டில் என்னிடம் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள், தோசையைப் பிய்த்துக்கொண்டே "மேம் சொன்னாங்க, மேம் சொன்னாங்க" என்று அம்மாவிடம் சொல்வாள். ஒவ்வொரு "மேம்"முக்கும் எனக்குள் ஏதோ ஒன்று சுருங்கும். முதலில் என் ஆய்வு, இப்போது என் பெண் என்று ஒருநாள் நினைத்தேன். நினைத்ததற்கு அன்று வெட்கப்படவும் இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு வர வேண்டியவள் மூன்றரை வரை வரவில்லை. போன் அணைந்திருந்தது. குரோம்பேட்டை ஸ்டேஷனில் ஒவ்வொரு மின்சார ரயிலாகப் பார்த்தேன். பெண்கள் பெட்டி காலியாகும்போதெல்லாம் அடுத்த ரயில் எப்போது என்று பார்த்தேன். நான்கு மணிக்கு ஒரு அழைப்பு. இருபத்துச் சொச்சம் வருடங்களுக்குப் பிறகும் அக்காவின் குரல் மாறவில்லை. "தம்பி, உன் பொண்ணு இங்கதான், செம்பாக்கத்துல என் வீட்ல இருக்கா. பயப்படாத. அழுது அழுது இப்பதான் தூங்குறா. உன்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னா. என்னால சொல்லாம இருக்க முடியல."

ஏரிக்கரை வழியாக வண்டியை ஓட்டிப் போனேன். உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதியோடு, அழுவதற்கு இந்த வீட்டைத்தான் தேர்ந்தெடுத்தாளா என்ற எரிச்சலும் கூடவே வந்தது.

அவள் விழித்திருந்தாள். ஆறு மாத வேலை போய்விட்டது. அன்று நான் செய்த அதே தவறுதான்: சோதிக்காத ஜோடிகளை இல்லாதவை என்று கணக்கில் எடுத்திருக்கிறாள். வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க திட்ட மாட்டீங்கப்பா. ஆனா எதுவும் கேக்கவே மாட்டீங்க."

அவளுக்கு முன்னால் அந்த வரைபடம் விரிந்து கிடந்தது. அவளைத் தேற்ற அக்கா பீரோவிலிருந்து எடுத்திருக்கிறார். என் புரதத்தைத் தேடினேன். ஏழு புள்ளிக் கோடுகளில் ஐந்தின் மேல் சிவப்பு ஓடியிருந்தது, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொடி எழுத்தில் ஒரு கட்டுரையின் குறிப்பு. நான் போன பிறகும் எனக்காக அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"பெரும்பாலும் நீ சொன்னதுதான் சரி, தம்பி" என்றார் அக்கா. "ஆனா அன்னைக்கு அது உனக்குத் தெரியாது."

கிளம்பும்போது வரைபடத்தை மகளிடம் கொடுத்துவிட்டார். வண்டியில் திரும்பும் வழியெல்லாம், சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிடித்ததுபோல என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள்.

இப்போது அது எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. மகள் புதிய கட்டுரைகளைப் புரட்டி, மீதிப் பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவருகிறாள். நேற்று சாயங்காலம் எதிரில் உட்கார்ந்து, இன்று எத்தனை ஜோடி முடித்தாய் என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். மூன்று என்றாள். என் புரதத்தின் ஆறாவது கோட்டைக் காட்டி, "இது பிடிச்சிக்கிதுப்பா. அறுந்து போகல" என்றாள்.

"மேம்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. உங்ககிட்டதான் ஃபர்ஸ்ட்."

நான் சொன்னது அந்த இடத்தில் தப்பு என்று அதற்கு அர்த்தம். அதைப் பற்றி எனக்குக் கவலையே வரவில்லை. அக்காவுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது என்ற சந்தோஷம்தான், சின்னத்தனமாக, நெஞ்சு முழுக்க இருந்தது. நீலப் பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினேன்.