கழட்டினேன், அழிக்கவில்லை

அந்தக் கம்பெனியில் ஏசி இருந்த அறை கம்ப்யூட்டர் ரூம் ஒன்றுதான். அதனால்தான் பாகப்பிரிவினைப் பேச்சுக்குச் சொந்தக்காரப் பெரியவர்கள் எல்லோரும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். செருப்பை வெளியே விடவும் என்று நான் எழுதி ஒட்டியிருந்ததை ஒருவரும் மதிக்கவில்லை. வெற்றிலை போட்டிருந்த ஒருவர் துப்புவதற்கு என் குப்பைக் கூடையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். என் நாற்காலியில் சொந்தத்திலேயே மூத்தவர் உட்கார்ந்திருந்தார். அவரை எல்லோரும் ஐயா என்பார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்த பனியன் கம்பெனி அது. நடுவில் பிறந்தவர் பல்லடம் ரோட்டில் லாரி அடித்துச் செத்துப்போனார். அவர் மனைவி வீட்டில் உட்காராமல் பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டார். அவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய முதலாளிக்கும் சின்ன முதலாளிக்கும் ஒத்துப்போகாமல் பிரிந்துகொள்வது என்று ஆனபோது, நிட்டிங் மெஷின், தையல் மெஷின் எல்லாவற்றின் மேலும் சாக்பீஸால் ஒன்று, இரண்டு என்று எழுதிப் பிரித்தார்கள். மூன்று என்று எந்த மெஷின் மேலும் எழுதவில்லை. அக்காவுக்குச் சட்டப்படி பங்கு உண்டு என்று அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தே செய்தார்கள். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது.

நான் அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டவன். குண்டடத்துப் பக்கம் ஊரில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு உண்டு, தண்ணீர் கிடையாது. அதனால் படித்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அந்த வேலைக்கு வந்தேன். ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதில் யூனிக்ஸ் என்ற சிஸ்டம். அதிலிருந்து ஒயர் இழுத்து ஆபீஸ், கட்டிங், பேக்கிங் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு டெர்மினல், திரையும் கீபோர்டும் மட்டும். எனக்கு முன்னால் இருந்தவர் கோயமுத்தூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது ஒரு குப்பைமேட்டை எனக்கு விட்டுவிட்டுப் போனார். இன்வாய்ஸ், ஸ்டிக்கர், கட்டிங் என்று எல்லாப் புரோகிராமும் ஒரே டைரக்டரியில், இப்போது ஃபோல்டர் என்கிறார்களே அதில், கிடந்தன. எந்தக் கோப்பு எந்தப் புரோகிராமுடையது என்று சொல்ல முடியாது. பல லாட் துணியைச் சீட்டு இல்லாமல் ஒரே குடோனில் கொட்டி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

மெஷினில் இடம் போதவில்லை, பழசை எடு என்றார் பெரிய முதலாளி. யாரும் தொடாத ஒரு பழைய இன்வாய்ஸ் புரோகிராமையும் அதன் கோப்புகளையும் எடுத்தேன். அடுத்த நாள் பேக்கிங்கில் பெட்டிக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் வரவில்லை. எடுத்த கோப்புகளில் ஒன்றை ஸ்டிக்கர் புரோகிராமும் பயன்படுத்திக்கொண்டிருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரி வாசலில் நின்றது. பெண்கள் அட்டைப் பெட்டியின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெரிய முதலாளி என்னைப் பார்த்து, "ஏப்பா, நீ படிச்சுட்டுத்தானே வந்தே?" என்று கத்தினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு தனி டைரக்டரி போட்டேன். அச்சு வடிவம், அளவுப் பட்டியல் என்று அந்தப் புரோகிராமுக்கு வேண்டியது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஒன்றும் வெளியே சிந்தாது. டெர்மினலில் உட்காருகிறவர்கள் கூப்பிடுகிற பொது இடத்தில் புரோகிராமின் பெயர் மட்டும் இருக்கும். அதற்கு லிங்க் என்று சொல்வார்கள். அதில் சரக்கு எதுவும் கிடையாது. உண்மையான புரோகிராம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. லிங்க்குகளைப் போட ஒரு சின்னக் கட்டளை, எடுக்க ஒரு கட்டளை எழுதிக்கொண்டேன். மாட்டு, கழட்டு என்று பேர் வைத்தேன். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பதைப் பார்த்து, கம்ப்யூட்டர் விற்ற டீலரின் ஆள் சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

புதிதாக ஒன்று வந்தால் பழசின் மேல் கொட்ட மாட்டேன். பக்கத்தில் இன்னொரு டைரக்டரி. பழசைக் கழட்டிப் புதுசை மாட்டுவேன். சரிவரவில்லை என்றால் புதுசைக் கழட்டிப் பழசை மாட்டுவேன். டெர்மினலில் இருப்பவர்களுக்கு நடந்ததே தெரியாது. அக்காவுக்கு மட்டும் தெரியும்.

ஏனென்றால் பேக்கிங் புரோகிராமை நானும் அவரும் சேர்ந்துதான் செய்தோம். ஒரு ஆர்டரில் பல சைஸ், பல கலர் இருக்கும். எந்தப் பெட்டியில் எது எத்தனை போக வேண்டும் என்று வெளிநாட்டுக்காரன் சொல்லியிருப்பான். கடைசியில் மிச்சம் விழும். அந்த மிச்சத்தை எப்படிப் பெட்டிகளில் சேர்ப்பது என்பதில்தான் எல்லாத் தகராறும் வரும். நான் முதலில் எழுதிக் காட்டியதை அக்கா ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, உங்க புரோகிராமு மிச்சத்தை எல்லாம் கடேசிப் பொட்டிக்குத் தள்ளுது. அவன் கடேசிப் பொட்டியைத்தான் மொதல்ல ஒடைச்சுப் பாப்பான்."

"ஏனுங்க அப்படி?"

"நாம அங்கதான் ஒளிப்போம்னு அவனுக்குத் தெரியாதாக்கும்?"

திருத்தினேன். இன்னொன்று சொன்னார். அதையும் திருத்தினேன். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. ஒரு தடவை புது வடிவத்தில் ஸ்டிக்கர் வேண்டும் என்று ஆபீஸில் சொல்லி, நான் மாற்றிக் கொடுத்து, கடைசியில் அந்த ஆர்டருக்குப் பழசே போதும் என்று ஆனது. "புதுசைக் கழட்டிப் போட்டுட்டுப் பழசை மாட்டுங்க தம்பி. அழிச்சறாதீங்க, அடுத்த ஆர்டருக்கு ஆகும்" என்றார். நான் சொல்லிக் கொடுக்காமலே பிடித்துக்கொண்டிருந்தார்.

பாகப் பேச்சு நாளில் கம்ப்யூட்டர் பெரிய முதலாளியின் பங்குக்குப் போனது. திருப்பூரிலேயே மண்ணரை என்கிற பக்கம் ஒரு ஷெட் பிடித்து நாலு கம்பெனிக்கு பேக்கிங் எடுத்துச் செய்யப் போவதாக அக்கா சொல்லியிருந்தது அவர் காதுக்கு எட்டியிருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"அந்த பேக்கிங் புரோகிராமை அழிச்சுரு. நம்ம பார்ட்டி பேரு, விலாசம் எல்லாம் அதுல கெடக்குது. வெளிய போகக் கூடாது."

அக்கா கதவோரம் நின்றிருந்தார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நான் டெர்மினலில் கழட்டு என்று அடித்தேன். பெரிய முதலாளி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இப்ப அதைக் கூப்பிடு" என்றார். கூப்பிட்டேன். அப்படி ஒன்று இல்லை என்று திரையில் வந்தது.

"இல்லைங்குது பாருங்க ஐயா" என்று சபையைப் பார்த்துச் சொன்னார். "எடுத்தாச்சல்ல?"

"எடுத்தாச்சுங்க."

லிங்க்கைத்தான் எடுத்திருந்தேன். எல்லோரும் போன பிறகு டைரக்டரியை அப்படியே ஃபிளாப்பியில் ஏற்றி அக்காவிடம் கொடுத்துவிடுவது என்று மனதுக்குள் நினைத்திருந்தேன். திருட்டா என்று கேட்டால், ஆமாம். ஒரு பொம்பளையின் பங்கையே எடுத்துக்கொள்ள வந்தவர்கள் முன்னால் ஒரு ஃபிளாப்பி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"தம்பி, கழட்டுனீங்களா, அழிச்சீங்களா?"

பேசாமல் இருங்கள் என்று கண்ணால் காட்டினேன். அவர் பார்க்காதது போல நின்றார்.

"சபையில கேக்கறேன், சொல்லுங்க. ஒளிச்சு வர்றது எனக்கு வேண்டாம்."

"கழட்டுனேனுங்க அக்கா."

"அதென்னப்பா கழட்டறது?" என்றார் ஐயா.

"பேரை மட்டும் எடுத்தேனுங்க. புரோகிராம் உள்ள அப்படியே இருக்குதுங்க."

"போர்டைக் கழட்டிட்டுக் கடையை விட்டுட்டயாக்கும்?"

"ஆமாங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். பெரிய முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. "என்றகிட்டயே எடுத்தாச்சுங்கறயேடா?"

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் எனக்கும் வாய் திறந்துகொண்டது. "பார்ட்டி பேரு அதுல கெடக்குதுன்னீங்க. அது இதுக்குள்ள இல்லீங்க, வேற டைரக்டரி. அதை நீங்களே வெச்சுக்கங்க. இது வெறும் பொட்டிக் கணக்குப் போடற முறை. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமத்தான் வெச்சிருக்கறேன். இதைக் குடுத்தா உங்குளுக்கு ஒரு நட்டமும் இல்லீங்க."

ஐயா என் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்பறம் என்னப்பா? அந்தப் புள்ள கேக்குது. பாத்திரம் பண்டம் குடுக்கற மாதிரி குடுத்துட்டுப் போ."

பாத்திரம் பண்டம். ஒரு வருஷ வேலை. எனக்கு அந்தக் குப்பைக் கூடையை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது.

பெரிய முதலாளி உடனே இறங்கி வந்தார். அவர் அப்படி இறங்கினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். "குடுத்தர்றேனுங்க ஐயா. பங்கு தீந்துதுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போகட்டும்." பையைத் திறந்தார். காகிதம் ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. பேசி முடிவெடுக்க வந்த சபையின் லட்சணம் அது.

அக்கா அறைக்குள் வந்தார். கணவரின் அண்ணனை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"மாமா, இது நானும் இந்தத் தம்பியும் பண்ணுன வேலை. குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. ஆனா இது பங்கு இல்லீங்க. உங்க தம்பி இந்தக் கம்பெனில போட்டது பங்கு. அதை இதுல கழிக்காதீங்க."

"அண்ணி, இத்தனை பேரு முன்னாடி எதுக்கு..." என்று சின்ன முதலாளி இழுத்தார்.

"நீங்க பேசாம இருந்ததுக்குத்தானுங்க பாதி மெஷின் மேல ரெண்டுன்னு எழுதியிருக்குது. இப்பவும் பேசாம இருங்க."

சின்ன முதலாளி கையிலிருந்த சாவிக்கொத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஐயா ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

"அப்படின்னா அழி" என்றார் பெரிய முதலாளி என்னிடம். "டைரக்டரியோட. எல்லாரும் பாக்க."

"நான் அழிக்க மாட்டேனுங்க. வேற ஆளை வெச்சு அழிச்சுக்கங்க."

"வேலை வேண்டாமா உனக்கு?"

"வேண்டாமுங்க."

இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்போது திருப்பூரில் யூனிக்ஸ் தெரிந்தவனுக்கு ஒரு வாரத்தில் இன்னொரு கம்பெனியில் நாற்காலி கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. அக்காவுக்கு அப்படிக் கிடைக்காது. அவர் அங்கே நின்று பேசியதற்கும் நான் பேசியதற்கும் அவ்வளவு வித்தியாசம் உண்டு.

சில நாள் கழித்து, டீலரின் ஆள் வந்து அழித்துவிட்டுப் போனான் என்று கட்டிங்கில் இருந்த ஒருவர் சொன்னார். அதைக் கேட்ட அன்று சாயங்காலமே மண்ணரைக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், இரண்டு நீளமான டேபிள், வெயில் இறங்கின பிறகும் உள்ளே கொதித்தது. அக்காவும் நாலைந்து பெண்களும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பெட்டியில் என்ன என்று சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தார்.

"அழிச்சுட்டாங்களாமுங்க அக்கா."

"அழிக்கட்டும். நான் என்ன செத்தா போயிட்டேன்? ஒரு கம்ப்யூட்டரு பழசாப் பாத்துக் குடுங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

பழைய மெஷின் ஒன்று பிடித்தோம். யூனிக்ஸ் வாங்க வழியில்லை. சி.டி.யில் லினக்ஸ் கிடைத்தது, அதைப் போட்டேன். முதலில் மாட்டு, கழட்டு இரண்டையும் எழுதினேன். பிறகு பேக்கிங்குக்கு ஒரு டைரக்டரி. வேலை முடிந்து சாயங்காலங்களில் போவேன். அவர் டேப் ஒட்டிக்கொண்டே சொல்லுவார், நான் அடிப்பேன். நடுவில், "அந்தப் பொட்டி வாய் கோணலா நிக்குது பாரு" என்று யாரையாவது திட்டுவார். விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்லுவார். பழையதில் இருந்த தப்புகள் சில இதில் வரவில்லை. புதிதாகச் சில வந்தன. அதற்கும் திட்டு வாங்கினேன்.

முடிந்ததும் திரையில் மேலே என்ன பேர் போடுவது என்று கேட்டேன். திருப்பூரில் பாதிக் கம்பெனிக்கு முருகன் பேர்தான்.

"என்ற சொந்தப் பேரையே போடுங்க."

"சாமி பேரு வேண்டாமுங்களா?"

"சாமியா தம்பி வந்து பொட்டி கட்டுது?"

பங்கு விஷயம் கோர்ட்டுக்குப் போனது. பங்கு தீர்ந்தது என்ற அந்தக் காகிதத்தைப் பெரிய முதலாளி ஆள் மாற்றி ஆள் கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை நான் ஷெட்டில் இருக்கும்போதே ஐயா அதைக் கொண்டுவந்தார். "அந்தக் கம்ப்யூட்டரையே குடுத்தர்றேங்கறான். போட்டுரு கண்ணு, கேசு கீசுன்னு எதுக்கு அலையறே?" என்றார். அக்கா காகிதத்தை மேலிருந்து கீழ் வரை நின்று படித்தார். மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"டீ குடிச்சுட்டுப் போங்க ஐயா" என்றார்.

குடித்துவிட்டுப் போனார். நான் திருப்பூரை விட்டு வரும் வரை கேஸ் முடியவில்லை. அக்கா கையெழுத்துப் போடவில்லை.