வெண்டெலின் ஏணி

இடது கையால் கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மழைநீர் வடியும் தகரக் கால்வாயிலிருந்து ஓக் இலைகளை வாரி என் தலைமேலேயே போட்டுக்கொண்டிருந்தாள் அம்மா. நான் கீழே ஏணியைப் பிடித்திருந்தேன். பாலங்களைப் பரிசோதிப்பது என் தொழில். உயரம் எனக்குப் பழக்கம். "நீ பாலத்துல ஏறு. இது என் கூரை" என்பாள். 2003 ஜனவரியின் கடைசி ஞாயிறு. ஏணி பக்கத்து வீட்டு வெண்டெலுடையது.

அவர் வேலியருகே வந்து நின்றார். அவருடைய மகள் டெனிஸ் பட்டாளத்தில் இருந்தாள்.

"டெனிஸுக்கு உத்தரவு வந்திருச்சு, லோரெய்ன். குவைத்துல லாரி ஓட்டணுமாம். பதினஞ்சாம் தேதி கிளம்புறா. நெஜமாவே சண்டை வருமா? உங்க ஆபீஸ்ல என்னதான் பேசிக்கிறாங்க?"

"நான் ஃபைல் அடுக்குறவ, வெண்டெல். எனக்கு யாரு சொல்றாங்க?"

"இருபது வருஷமா அடுக்குறீங்களே! பீரோ பெருசுதான் போல."

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஏற்கெனவே சுத்தம் செய்த இடத்தையே மறுபடி துழாவினாள்.

அவள் ஃபைல் அடுக்குகிறவள் அல்ல. ஆற்றை ஒட்டிய அரசு அலுவலகத்தில், தீவிரவாதக் குழுக்களைப் பற்றி வெளிநாடுகளிலிருந்து வரும் துப்புகளைப் படித்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று மேலே எழுதி அனுப்புகிறவள். வீட்டில் அதைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய பழக்கம் ஒன்றுதான்: எதைக் கேட்டாலும் "எத்தனை வாய்?" என்பாள். முனை ரொட்டிக் கடையை மூடப்போகிறார்கள் என்று தெருவில் நான்கு பேர் சொன்னார்கள். அம்மா நால்வரையும் விசாரித்துத் தபால்காரரிடம் போய் நின்றாள். நாலு பேருக்கும் சொன்னவர் அவர்தான். கடை இன்னும் திறந்திருக்கிறது. செய்தித்தாளிலும் ஒவ்வொரு செய்தியின் ஓரத்தில், அது எத்தனை வாயிலிருந்து வந்தது என்று பென்சிலால் 1, 2 எழுதுவாள். 3 எழுதி நான் பார்த்தது அபூர்வம்.

டிசம்பரில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியை வைத்து, அதன் தலையில் மூன்று முள்கரண்டிகளைச் சாய்த்தாள்.

"மூணு விட்டம். எல்லாம் ஒரே தூண் மேல உக்காந்திருக்கு. எத்தனை தாங்கல்னு கணக்கு போடுவே?"

"ஒண்ணு."

"மூணு கம்பெனி தனித்தனியா வந்து மாட்டியிருந்தா?"

"யாரு மாட்டுனா என்ன? தூண் போனா மூணும் போகும்."

"அத அப்படியே சொல்லு, எழுதிக்கிறேன்."

அந்த ஞாயிறு, பாதிக் கால்வாய் முடிந்தபோது தொலைபேசி அடித்தது. அவளுடைய மேலாளர் ஹார்லன். இறங்கி, ஈரக் கையோடு பேசினாள்.

"வீட்டு லைன்ல எதுவும் சொல்லாத. கேளு. அறிக்கையில என் அடிக்குறிப்பு பொடி எழுத்துல இருக்கட்டும், பரவால்ல. இல்லாமப் போகக் கூடாது. இதோ வர்றேன்."

போய்விட்டாள். மீதிப் பாதி இலை அப்படியே கிடந்தது.

அடுத்த ஞாயிறு காலை அம்மா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சியில் உயரதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாக்தாத் அரசு தீவிரவாதக் குழு ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறது, மூன்று நாடுகளின் உளவுத் துறைகள் தனித்தனியே உறுதி செய்திருக்கின்றன என்றார். மூன்று என்றபோது விரலும் காட்டினார்.

அம்மா இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள்.

"ஒரே ஆளுடா. அவனும் அடிச்சுக் கேட்டப்ப சொன்னது. மூணு பேர்கிட்ட அதையே சொல்லியிருக்கான்."

இருபது வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன அலுவலக விஷயம் இது ஒன்றுதான். ஜன்னல் வழியே பார்த்தாள். டெனிஸ் தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏணிய நீ தொடாத. நானே கொண்டுபோய்க் குடுக்குறேன். வெண்டெல்கிட்ட ஒண்ணு சொல்லணும், அவ கிளம்புறதுக்குள்ள."

"சொன்னா அவ போகாம இருந்துருவாளா?"

"போவா. ஆனா அந்த மனுஷன் என்கிட்ட கேட்டாரு. நான் ஃபைல் கதை சொன்னேன்."

"வேலை போயிரும்மா. ஜெயில்ல போட்டாலும் போடுவாங்க."

"சட்டம் எனக்கே படிச்சுக் காட்டுறியா? சட்டைய எடு, சூடு ஆறுறதுக்குள்ள தேய்ச்சுடுறேன்."

பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் விழுந்தாள். மாரடைப்பு. சாவி கையில் இருந்தது. சனிக்கிழமை டெனிஸ் விமானம் ஏறினாள்.

அடக்கத்துக்கு ஹார்லன் வந்திருந்தார். "அந்த அடிக்குறிப்பு முழு அறிக்கையில இருக்குப்பா. நான் எடுக்கல. மேல போனது சுருக்கம். அதுல எடமில்ல."

"அந்த அடிக்குறிப்பு எத்தனை வரி?"

"ரெண்டு" என்றார். தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றார்.

வெண்டெல் பெரிய தட்டில் சுட்ட பன்றித் தொடையோடு வந்தார். "உங்கம்மா ரெண்டு தடவை எங்க வாசல் வரைக்கும் வந்து திரும்பிட்டாங்க. ஏதோ கேக்கணும்னு வந்தாங்களோ?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன்.

மார்ச்சில் போர் தொடங்கியது. டெனிஸ் இன்னும் அங்கேதான் லாரி ஓட்டுகிறாள். வெண்டெல் ஏணியைக் கேட்கவில்லை. அது சாய்ந்திருக்கும் எங்கள் சுவரிலிருந்து அவர் வாசலுக்கு நாற்பத்தொரு அடி, அளந்துவிட்டேன்.

திருப்பிக் கொடுக்கும் பொருள்களில் அம்மா காகித நாடா ஒட்டிப் பெயர் எழுதிவைப்பாள். ஏணியின் மூன்றாம் படியிலும் ஒட்டியிருக்கிறாள். பேனாவில் ‘வெண்டெல்’. அதன் கீழே, பென்சிலில், அழுத்தி எழுதிய ஒரு 1.