முந்தானையில் வெள்ளை மணிகள்

ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில், சபைப் பெண்கள் நடத்தும் பழைய துணிக்கடை ஒன்று இருக்கிறது. வேண்டாத துணியைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிடலாம். வேண்டியதை மலிவாக வாங்கிக்கொள்ளலாம். என் பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன உடுப்புகளெல்லாம் அங்கேதான் போகும். நானும் வீட்டில் கட்ட ஏதாவது எடுத்து வருவேன். பட்டுப்புடவை எடுத்தது ஒரே ஒருமுறை, என் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு. மயில்கழுத்து நிறம். முந்தானைக் குஞ்சம் ஒவ்வொன்றிலும் யாரோ பொறுமையாக வெள்ளை மணி கோத்திருந்தார்கள். தோளில் போட்டுப் பார்த்த பிறகு வைத்துவிட்டு வர மனம் வரவில்லை. எங்கே வாங்கினேன் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

திருவொற்றியூரில் ஒரு சின்ன மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் எண்ணூரிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். நான் வாசலில் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக இறங்கியவர் மாப்பிள்ளையின் அத்தை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, முந்தானையைத்தான் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அவர் நகரவே இல்லை.

இது அவர் வீட்டுப் புடவைதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மணப்பெண்ணின் அக்கா அடுத்தவர் கழித்துப் போட்ட புடவையில் நிற்கிறாள் என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கை அந்த வீட்டில் காலம் முழுக்க அதைக் கேட்கவேண்டியிருக்கும்.

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தட்டு மாற்றும்போது தூணுக்குப் பின்னால் நின்றேன். சமையல் கட்டுக்குப் போய், தேவையே இல்லாமல் அப்பளத்தை எண்ணெயிலிருந்து எடுத்து அடுக்கினேன். முந்தானையை இடுப்பில் செருகினேன். செருகினால் மணி கிலுகிலுவென்றது, எடுத்துவிட்டேன். எங்கே போனாலும் அந்தக் கண்கள் பின்னாலேயே வந்தன.

கைகழுவும் இடத்தில் அவரிடம் மாட்டிக்கொண்டேன்.

"இன்னாமா, என்னப் பாத்தா ஓடிக்கினே கீற?" என்றார்.

"அத்தை, நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன். இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தங்கச்சி வாழ்க்கை."

"யாருமா பொடவையக் கேட்டது? அந்த மணி நான் கோத்தது. எம்பொண்ணு கல்யாணத்துக்குனு எடுத்து வெச்சேன். அவ தனக்குப் புடிச்சவனக் கட்டிக்கினு போய்ட்டா. பீரோவத் தொறந்தா இதான் மொதல்ல கண்ல படும். பேஜாரா கீதுனு குடுத்துட்டேன்." முந்தானை மணியைத் தொட்டுப் பார்த்தார். "கொஞ்சம் அப்படியே நில்லு. கட்டினா எப்படி கீதுனு நான் பாத்ததேயில்ல."

நின்றேன். என்னைச் சுற்றி வந்தார். குனிந்து கொசுவத்தைச் சரிசெய்தார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் வெளியே கண்டெய்னர் லாரிகளைப் பார்த்தபடி வந்தாள். பிறகு சொன்னாள்:

"பொண்ணு ஓடினதுக்கு அவங்கதான் ஒடந்தைன்னு அந்த வூட்ல யாரும் அவங்களோட பேசறதில்லக்கா. நீ கவனிக்கல? பந்தியில தனியா ஒக்காந்து சாப்ட்டாங்க."

நான் கவனிக்கவில்லை. அவரிடமிருந்து தப்பிக்கத்தானே மண்டபம் முழுக்கச் சுற்றினேன்.

அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தங்கையிடம் எண் வாங்கி அவருக்குப் போன் செய்து, யாரென்று சொன்னேன்.

"இன்னாமா, பொடவ வேணாம்னு சொன்னேனே?"

"பொடவைக்காக இல்ல அத்தை. சும்மாதான், பேசலாம்னு."

"இரு, அடுப்ப அணைச்சுட்டு வரேன்" என்றார்.