காப்புக் கட்டிய கையோடு போர்ட் லூயிஸில் இரண்டு நாள்

ஆலை ஓய்ந்திருக்கும் தை மாதத்தில்தான் எங்கள் கரும்புத் தோட்ட அலுவலகத்தில் விடுப்புக் கொடுப்பார்கள். அறுபதுகளின் தொடக்கம், மொரீஷியஸ் இன்னும் வெள்ளைக்காரன் கையில் இருந்த காலம். ரோஸ் பெல்லில் குமாஸ்தாவாக, தீவின் மொத்தச் சர்க்கரையையும் ஒற்றைப் பேனாவால் தாங்கிக்கொண்டிருந்த நான், மனைவி பார்வதியோடு தலைநகரில் இரண்டு நாள் தின்று திரிவதென்று முடிவு செய்தேன்.

ஒரே ஒரு சிக்கல். என் கையில் மஞ்சள் காப்பு. மகள் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் அவள் அப்பா காவடி எடுப்பார் என்று பார்வதி நேர்ந்துகொண்டிருந்தாள். பிழைத்துவிட்டாள். ஆகவே தைப்பூசம் வரை மீன், கறி, முட்டை எதுவும் ஆகாது. காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டலாமா என்று மாமியார் கேட்டார். இந்தத் தீவே ஓர் ஊர்தானே என்று தீர்ப்பளித்து, மகளை அவரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

காலை ஆறரைக்கு பஸ். தொலைவு இருபது மைல்தான். ஆனால் வண்டி குலுங்கிய குலுங்கலில் என் எலும்புகள் இடம் மாறி, இறங்கும்போது முழங்கை முழங்காலாகியிருந்தது. வழியில் குயூர்பிப்பில் பெய்த மழைக்கு வருண பகவானே குடை கேட்டிருப்பார். போ பசான் தாண்டியதும் வெயில். ஒன்பது மணிக்கு போர்ட் லூயிஸ்.

தங்கல் பார்வதியின் அண்ணன் சுப்பையா வீட்டில். எங்கள் பேச்செல்லாம் தீவின் கலப்பு மொழியான கிரியோல்தான்; ஐயா என்பதற்கான 'மிஸ்யே' தவிர மற்றதை உங்களுக்காகத் தமிழாக்குகிறேன். வாசலிலேயே அவர் என் வயிற்றைப் பார்த்தார். "நாக்கு தவறிட்டா மறைக்காதீங்க மாப்பிள்ளை. காவடிய உங்களுக்குப் பதிலா நான் எடுத்துக்கறேன்."

முதல் நாள் சந்தையில் தால் பூரி, ஜோடி பத்து சதம். பருப்பை அரைத்து உள்ளே வைத்த மெல்லிய பூரி. அவரைக் குழம்பும் தக்காளித் தொக்கும் தடவிச் சுருட்டித் தருவார்கள். எண்ணுவதைப் பார்வதி ஏழோடு நிறுத்திவிட்டாள். பிறகு சப்ஜா விதை மிதக்கும் குளிர்ந்த பால், அலூதா. இரண்டிலும் விரதத்துக்குப் பங்கமில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குச் சீனர் தெரு. நீளப் பெஞ்சு போட்ட சின்னக் கடையில், தெளிந்த சூப்பில் வெள்ளை உருண்டைகள். என்னவென்று கேட்டேன். சௌசௌ என்றார் கடைக்காரர். காய்தானே! பார்வதி வேண்டாமென்று தள்ளி உட்கார்ந்தாள். நான் மூன்று கிண்ணம் முடித்தேன். இந்திரன் இதை ருசித்திருந்தால் அமுதத்தைக் கழுநீர்ப் பானையில் ஊற்றியிருப்பான்.

அப்போது பக்கத்திலிருந்த துறைமுகத் தொழிலாளி தன் கிண்ணத்தை வழித்துவிட்டு, இன்றைக்கு இறால் பொடி தூக்கல் என்று கடைக்காரரைப் பாராட்டினார்.

நான் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். பார்வதி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அண்ணன்கிட்ட சொல்லிடலாம், வாங்க" என்று எழுந்தாள். காய்ச்சலில் அனலாய்க் கொதித்த மகளின் நெற்றி என் உள்ளங்கையில் மறுபடி சுட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த வரியில் மிகையில்லை.

கடைக்காரர் எங்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு என் மணிக்கட்டை. "பயப்படாதீங்க, மிஸ்யே. மஞ்சக் கயிறப் பார்த்துட்டுத்தான் ஊத்தினேன். உங்க சட்டி அந்தக் கடைசியில இருக்கு."

அடுப்பின் ஓரத்தில் தனியாக ஒரு சின்னச் சட்டி. காவடி மாதத்தில் அவர் வழக்கமாக இரண்டு சட்டி வைப்பாராம், அகப்பையும் தனி. அதில் காளானும் சௌசௌவும் மட்டுந்தான். பார்வதி நேரே அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்து மோந்தாள், அகப்பையால் அடிவரை கிளறினாள், மீண்டும் மோந்தாள். பிறகுதான் மூச்சு விட்டாள். "எனக்கு ஒரு கிண்ணம்" என்றாள்.

நான் விட்ட பெருமூச்சில் துறைமுகத்துக் கப்பல்கள் இரண்டு இந்தியா வரை போயிருக்கும். அன்று மாலை சுப்பையாவிடம் எதுவும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் போவதானால் இப்போது குயூர்பிப்பிலிருந்து மெட்ரோ ஓடுகிறது; எலும்புகள் அதனதன் இடத்தில் இருக்கும். விரதகாலத்தில் போகிறவர்கள் காயின் பெயரைக் கேட்டு நிறுத்திவிடாமல், எந்தச் சட்டி என்றும் கேளுங்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு, காப்பு தெரிய உட்காருங்கள்.

தைப்பூசத்தன்று காவடியை நானே எடுத்தேன். மகள் எனக்கு முன்னால் நடந்தாள். பார்வதி அழைத்திருந்ததால் அந்தக் கடைக்காரரும் பஸ் ஏறி ரோஸ் பெல்லுக்கு வந்திருந்தார். பூசை முடிந்து வாழையிலையில் வழக்கமான ஏழு காய்கறிப் பதார்த்தங்களும் விழுந்ததும், கை வைக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல எறா இல்லையே, மிஸ்யே?"

மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.