சித்தப்பா டொக்கு எடுத்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் சித்தப்பாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “தங்கமான மனுஷன், வாயில்லாப் பூச்சி.” தங்கமான மனுஷன், சரி. வாயில்லாப் பூச்சி என்பது சுத்தப் பொய். என்னிடம் பேச ஆரம்பித்தால் காது புளித்துப்போகும். அவர் பேசாத ஆள் உலகத்தில் ஒருவர்தான்: என் அப்பா, அவருடைய கூடப்பிறந்த அண்ணன். ஒரே பட்டறையில், பத்தடி தள்ளி நின்று வேலை பார்த்துக்கொண்டே முப்பத்தொரு வருடம் இரண்டு பேரும் பேசவில்லை. எல்லாம் ஒரு சினிமாவால் வந்த வினை.

பட்டறை என்றால் கார் பட்டறை. இரண்டு பேருமே தகடு தட்டிப் பழகியவர்கள். அப்பா பிறகு இன்ஜின் பக்கம் போய்விட்டார், சித்தப்பா கடைசிவரை டிங்கர்தான். மோதி நசுங்கிய இடத்துக்கு எங்கள் தொழிலில் டொக்கு என்று பெயர். டொக்கைக் கண்டால் அவருக்குக் கை ஊறும். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட வாசலில் நிற்கிற கார்களைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அதற்காகவே சித்தி அவரை முன்னால் நடக்கவிட்டுப் பின்னாலேயே வருவாள்.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு படக்கம்பெனி எங்கள் ஊருக்கு வந்தது. வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு மூன்று குட்டிக் கார்களில் தப்பிக்கிற கதை. பச்சை, மஞ்சள், வெள்ளை. சந்தைக் கட்டடத்துப் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி, துணி ஆலையின் மொட்டை மாடியில் ஓடி, பெரிய மழைநீர்ச் சுரங்கத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வரும். கார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. அடுத்த இரண்டு படத்துக்கும் நீங்கள்தான் என்று மேனேஜர் வேறு சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்துக் கொட்டகையையும் சேர்த்துப் பேசிமுடித்து, புதுப் பெயர்ப்பலகைக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை, சந்தைப் படியில் இறங்கும்போது பச்சைக் காரின் கதவு தூணில் இடித்து நல்ல டொக்கு விழுந்தது. டைரக்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கொள்ளைக்காரன் கார் அப்படித்தானே இருக்கும் என்று, அந்தக் கதவோடே கார் சுரங்கத்துக்குள் நுழைகிற காட்சியை எடுத்துவிட்டார். வெளியே வருகிற காட்சி திங்கட்கிழமை. சாயங்காலம் மேனேஜர் காரைக் கொண்டுவந்து விட்டு, “பத்திரமா பாத்துக்குங்க” என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் முழுக்க அப்பா ஊரில் இல்லை.

டொக்கு விழுந்த காரை டிங்கரிடம் கொடுத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றால் வேறென்ன நடக்கும்? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். ஞாயிறு காலையில் கதவைக் கழற்றினார். உள்பக்கம் கட்டை கொடுத்து, வெளியே சுத்தியலால் தட்டித் தட்டி, தேய்த்து, பெயிண்ட் கலந்து அடித்து, காய்ந்ததும் மெருகேற்றி மாட்டினார். நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

“எப்படி இருக்கு பாப்பா?”

“புதுசு மாதிரி இருக்கு சித்தப்பா!”

ஆக, நானும் உடந்தை. அந்த உறுத்தல் எனக்கு இன்றைக்கும் உண்டு.

திங்கட்கிழமை டைரக்டர் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. சனிக்கிழமை எடுத்த போட்டோவைக் காட்டி, இதே மாதிரி நசுக்கிக் கொடு என்றார். சித்தப்பா சுத்தியலை ஓங்கினார். மூன்று முறை ஓங்கினார். கை இறங்கவில்லை.

“எனக்கு எடுக்கத்தான் சார் தெரியும்,” என்றார்.

சுரங்கத்தில் படம் எடுக்க அன்று மதியம் வரைதான் அனுமதி. அச்சாக அதே டொக்கை அதற்குள் வேறு யாராலும் போட முடியாது. வேறு வழியில்லாமல் இருக்கிற கதவோடே எடுத்தார்கள். நசுங்கிய கார் உள்ளே போகிறது, பளபளவென்று வெளியே வருகிறது. அதோடு அடுத்த இரண்டு படமும் கையைவிட்டுப் போயிற்று. வந்திறங்கிய பெயர்ப்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்துவிட்டு அப்பா சொன்னார்: “இனிமே ஜென்மத்துக்கும் என்கிட்ட பேசாத!”

கோபத்தில் யாரும் சொல்கிற வார்த்தைதான். நாலு நாளில் ஆறியிருக்கும். ஆனால் சித்தப்பா அண்ணன் பேச்சைத் தட்டி அறியாதவர், இதையும் தட்டவில்லை. அவனே வரட்டும் என்று அப்பா இருந்தார். அவரே கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார். நடுவில் நான் தபால்காரி. “உங்க சித்தப்பாவ அந்தச் சாவிய தரச் சொல்லு.” “உங்க அப்பா பாக்கெட்லயே இருக்குன்னு சொல்லு.” கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன பிறகும் போனில் இதே பிழைப்பு. என் மாமியார் தலையில் அடித்துக்கொள்வாள்.

படமோ ஓடு ஓடென்று ஓடியது. அந்தத் துரத்தலுக்கு விசிலும் டிரம்பெட்டுமாக ஓர் இசை வரும். ஐஸ்கிரீம் வண்டியிலிருந்து பள்ளிக்கூட பேண்டுவரை அதைத்தான் வாசித்தார்கள். காதில் விழுந்தால் சித்தப்பா எழுந்து போய்விடுவார். படத்தை அவர் பார்க்கவே இல்லை, அப்பாவும்தான். எங்கெங்கிருந்தோ ரசிகர்கள் வந்து சந்தைப் படியிலும் சுரங்க வாயிலிலும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் நோட்டுப்புத்தகத்தோடு பட்டறைக்கே வந்து, “அந்தக் கதவு எப்படி சார் தானா சரியாச்சு?” என்று கேட்டார். சித்தப்பா ஒரு காருக்கு அடியில் போய்ப் படுத்தவர், அந்த ஆள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

இந்த வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தப்பா இரண்டு நாள் பச்சைத்தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே மட்டும் போகவில்லை. “இப்ப எப்படி இருக்காம்னு கேட்டுட்டு வா” என்று என்னை அனுப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பொணமான பெறகு பக்கத்துல ஒக்காந்து பேசப் போறீங்களா?”

நர்ஸ் வந்து அதட்டினாள். எனக்கு அழுகை நிற்கவில்லை. ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டால் மற்றவர் மிச்ச நாளை எப்படிக் கழிப்பார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இனித் தபால் கிடையாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அப்பா தேறி வந்த மாதம், படம் வெளியாகி முப்பது வருடம் ஆயிற்றென்று எங்கள் ஊர்த் தியேட்டரில் மறுபடி போட்டார்கள். மனதுக்கு மாறுதல் வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக அப்பாவிடம் அளந்தேன். அப்பாவைத் தனியாக விட முடியாது, கூட வாங்க என்று சித்தப்பாவை இழுத்தேன். மதியக் காட்சி. வழக்கம்போல் நடுவில் நான். இடைவேளை முடிந்ததும் என் இடத்தைக் காலியாக விட்டு, சத்தம் போடாமல் அவர்களுக்குப் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

விசில் இசை தொடங்கியது. படிக்கட்டு, தூண், டொக்கு. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். சுரங்கத்துக்குள் இருட்டு, இசையும் நின்றது. பிறகு டிரம்பெட் முழங்கப் பச்சைக் கார் வெயிலுக்குள் வந்தது. தியேட்டரே எழுந்து கைதட்டியது! ரசிகர்களுக்கு அந்தத் தப்பின்மேல் அவ்வளவு செல்லம். பாவம், சித்தப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? ஊரே கேலி செய்கிறது என்று நினைத்து எழுந்துவிட்டார்.

அப்பா பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பினார். “பாப்பா, உங்க சித்தப்பாவ...” நான் அங்கே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்பா ஒரு நிமிடம் தடுமாறிவிட்டு, கையை நீட்டித் தம்பியின் சட்டையைப் பிடித்தார்.

“உக்காருடா.”

சித்தப்பா உட்கார்ந்தார். திரை முழுக்க அந்தக் கதவு மட்டும்தான் தெரிந்தது.

“கதவ எவ்ளோ பெரிசா காட்றான் பாரு. வெயிலு வேற நேரா விழுது. சரியா தட்டலன்னா இந்த வெயில்ல அலை அலையா தெரிஞ்சிருக்கும். நானும் கண்ண கிழிச்சுக்கிட்டுத் தேடுறேன், எந்த எடத்துல நசுங்கியிருந்துச்சுன்னு எனக்கே தெரியலடா.”

சித்தப்பா நடுவில் காலியாக இருந்த என் இருக்கையைத்தான் பார்த்தார்.

“சொல்லித் தொலையேன்டா, எந்த எடம்?”

“பேசலாமாண்ணே?” என்று கேட்டார் சித்தப்பா.

அப்பா முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. “பேசுடா,” என்றார். “பேசுடா தம்பி.”

“கைப்பிடிக்குக் கீழண்ணே, நாலு வெரல் தள்ளி...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. என் பக்கத்து இருக்கைக்காரர் எரிச்சலோடு என்னைப் பார்த்தார். “கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்கம்மா, படமே கேக்க மாட்டேங்குது.”

“முடியாது சார்,” என்றேன். “நீங்களே சொல்லிக்கங்க.”