அரைப் பெயருக்கு அசைந்த கட்டில்

அலுவலகத்தில் அவளுக்கு மோப்பம் என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவளுக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள் அவளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். அந்தப் பெயரை முதலில் வைத்தது யார், எந்த மேசையில் உட்கார்ந்து வைத்தார், அப்போது யார் யார் சிரித்தார்கள் என்பது வரை விசாரித்து வைத்திருக்கிறாள்.

பிறவிக் குணம். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூற்றுக்கு நூறு வந்தபோது, வேறு யாருடைய விடைத்தாளோ தன் பெயரில் சேர்ந்துவிட்டது என்று வாத்தியாரிடமே போய் வாதாடியவள். கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளைக்கு மருந்துக் கடை என்றார்கள். மறுநாளே யாருக்கும் சொல்லாமல் அந்தக் கடைக்குப் போய்த் தலைவலி மாத்திரை கேட்டாள். கடைக்காரர் அட்டையைத் திருப்பி, காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் நீட்டினார். அன்று மாலையே சம்மதம் சொல்லிவிட்டாள். "என்னையா கட்டிக்கிட்டா? அந்த அட்டையைக் கட்டிக்கிட்டா" என்று அவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். வெளியே கிளம்பும்போது வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, அவரையும் ஒருமுறை இழுக்கச் சொல்லி, அவர் நிஜமாகவே இழுத்தாரா என்றும் பார்ப்பாள்.

வேறு எந்த வேலையாக இருந்தாலும் இந்தக் குணத்துக்கு ஒரே வருடத்தில் வெளியே அனுப்பியிருப்பார்கள். அவள் பார்த்த வேலைக்கு இது வரமாக அமைந்துவிட்டது. அந்தக் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மின்சாரக் கட்டில் செய்வது. ஒரு பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் எழும்பும், இன்னொன்றை அழுத்தினால் கால்பக்கம் எழும்பும். அடியில் ஒரு பெட்டிக்குள் சின்ன மின்பலகை இருக்கும். அதற்குள் ஓடும் புரோகிராம் எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதைச் சலித்துப் பார்ப்பதும் அவள் வேலை. அவள் சரி என்று சொல்லாமல் ஒரு கட்டிலும் வாசலைத் தாண்டாது.

அப்பேர்ப்பட்டவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு கட்டில் வாலாட்டியது. சோதனை அறையில் வேலை பார்க்கும் அம்மாள் வழக்கம்போல் அதில் படுத்து, தலைப்பக்கத்தையும் கால்பக்கத்தையும் உயர்த்திக்கொண்டு, கடைசியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். சிவப்புப் பொத்தான் ஆபத்துக்கு உள்ளது. நோயாளிக்கு நெஞ்சு நின்றுவிட்டால் தலைப்பக்கம் உடனே தட்டையாக இறங்க வேண்டும்; அப்போதுதான் டாக்டர் மார்பை அழுத்தி உயிரைப் பிடித்து நிறுத்த முடியும். தலைப்பக்கம் அசையவே இல்லை. கால்பக்கம்தான், ரொம்ப மரியாதையாக, மெல்ல இறங்கியது.

"ஏம்மா, எனக்கு நெஜமாவே மாரடைப்பு வந்திருந்தா நீங்கல்லாம் இந்நேரம் இரங்கல் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கிட்டிருக்கணும்!" என்று அவர் கட்டிலில் மடங்கியபடியே கத்தினார்.

அடுத்த வாரம் ஓர் ஆஸ்பத்திரிக்கு லாரி நிறையக் கட்டில்கள் போக வேண்டும். மேலாளருக்கு முகத்தில் ஈயாடவில்லை. புரோகிராமைக் கடைசியாகத் தொட்டது யார் என்று பார்த்தார்கள். தூண் ஓரத்து மேசைத் தம்பி என்று வந்தது.

அவனைத் தூணன் என்றே எல்லோரும் சொல்வார்கள். தூணுக்குப் பக்கத்தில் உட்காருவான், தூண் அளவுக்குத்தான் பேசுவான். பல வருடமாக அவளோடு வேலை பார்ப்பவன், அவளை அக்கா என்று கூப்பிடுவான். வேறு ஊரில் வேலை கிடைத்து, அந்த வாரக் கடைசியோடு கிளம்புகிறான். அங்கே வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, மனைவியும் இங்கே இருந்த வேலையை விட்டாகிவிட்டது. போகிறவன், யாரும் கேட்காமல், மரத்தில் கை வைத்திருக்கிறான்.

மரம் என்பது அவர்கள் பாஷை. மின்சாரம் வந்து கண் விழித்ததும் அந்தப் பலகைக்குத் தன் உடம்பில் என்னென்ன இருக்கிறது என்றே தெரியாது. தலைக்கு ஒரு மோட்டார், காலுக்கு ஒரு மோட்டார், பொத்தான்கள், விளக்கு, எது எந்தக் கம்பியில் தொங்குகிறது என்பதை ஒரு கோப்பில் கிளை கிளையாக எழுதி வைக்க வேண்டும். அதற்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். தூணன் தொட்ட பிறகு அந்த மரத்தில் ஒரு கிளையும் பழைய இடத்தில் இல்லை.

"போறவன் சும்மா போவானாம்மா?" என்றார் மேலாளர். "போன தடவை பதவி உயர்வு கொடுக்கல. அந்த ஆத்திரம் உள்ளுக்குள்ள இருந்திருக்கு."

"எனக்கும் அப்படித்தான் சார் படுது" என்றாள் அவள்.

சொன்னது அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் அவன் கம்ப்யூட்டரை முடக்கிவிட்டார்கள். புது இடத்தில் கேட்ட நன்னடத்தைச் சான்றிதழை மேலாளர் கையெழுத்துப் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். "நாளைக்குக் கூட்டத்துல நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வேணும்னே பண்ணினான்னு மத்தவங்க சொன்னா இழுப்பாங்க, நீங்க சொன்னா மறுபேச்சு இல்ல" என்றார். உயிர் காக்கும் சாமானில் வேண்டுமென்றே கை வைத்தவன் என்று எழுதிவிட்டால், இந்தத் தொழிலில் அவனை வாசலில் கூட யாரும் நிற்க வைக்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும்.

அன்று முழுக்க அவள் கண் அவன் மேலேயே இருந்தது. அடிக்கடி தண்ணீர் குடித்தான். உள்ளே பயம் இருப்பவனுக்குத்தான் தொண்டை வறளும். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். இங்கேயே பேசினால் என்ன? கம்ப்யூட்டர் ஏன் முடங்கியது என்று யாரிடமும் கேட்கவில்லை. தெரிந்தவன் ஏன் கேட்கப் போகிறான்? கேட்டிருந்தால், தெரியாததுபோல் நடிக்கிறான் என்று நினைத்திருப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு வெளிச்சத்திலேயே பேய் தெரிந்தது. சாயங்காலம் கிளம்பும்போது "வரேன்கா" என்று சிரித்தான் பாருங்கள், அதுதான் அவளுக்குப் பொறுக்கவே இல்லை.

வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவரையே கேட்டியா?" என்றார்.

"கேட்டா உண்மையவா சொல்லப் போறான்?"

"அப்ப யாரைத்தான் கேப்ப?"

"யாரையும் எதுக்குங்க கேக்கணும்? சாட்சி இருக்கே."

"சரி தாயே. நாளைக்கு என் மேல சாட்சி கிடைச்சா அப்பவாவது ஒரு வார்த்தை கேளு" என்று சொல்லிவிட்டு அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் சிரிக்காமல் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவனைக் காப்பாற்ற என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டத்தில் தன் வாயிலிருந்து வருவது ஒருத்தரும் அசைக்க முடியாததாக இருக்க வேண்டும் என்றுதான் போனாள். பழைய மரத்தையும் புது மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிளை கிளையாக ஒத்துப் பார்த்தாள். ஓர் எண்ணும் மாறவில்லை, ஓர் எழுத்தும் மாறவில்லை. எல்லாக் கிளையையும் அகர வரிசையில் அடுக்கியிருந்தான், அவ்வளவுதான். முன்பு மோட்டார்-தலை மேலேயும் மோட்டார்-கால் கீழேயும் இருந்தன. இப்போது கால் மேலே, தலை கீழே. திருடன் புகுந்த வீட்டில் ஒரு ஸ்பூன்கூடக் குறையவில்லை, பாத்திரங்களைத் துலக்கி அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றால் எப்படி இருக்கும்? அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஆனால் பழைய மரத்தைப் போட்டால் சிவப்புப் பொத்தானுக்குத் தலைப்பக்கம் இறங்கியது. புது மரத்தைப் போட்டால் கால்பக்கம் இறங்கியது. இருப்பதெல்லாம் அப்படியே இருக்கிறது, வரிசை மட்டும் மாறியிருக்கிறது. அப்படியென்றால் புரோகிராமில் ஏதோ ஒரு வரி முழுப் பெயர் சொல்லாமல் மோட்டாரைக் கேட்கிறது. அவள் மூக்கு விடைத்தது. சிவப்புப் பொத்தானுக்கான பழைய வரிகளைத் திறந்தாள்.

இருந்தது. 'மோட்டார்' என்று பெயர் தொடங்கும் கிளை எதுவோ, அதில் முதலில் அகப்படுவதைக் கொடு. இதுதான் அந்த வரி. அவள் வீட்டுக்காரர் கடையில் ஒருவர் வந்து பாதிப் பெயரைச் சொல்ல, அலமாரியில் அந்தப் பாதியோடு தொடங்கும் முதல் டப்பாவை எடுத்துக் கொடுப்பது மாதிரி. அவர் செத்தாலும் அப்படிக் கொடுக்க மாட்டார்.

கதை புரிந்துவிட்டது. தொடக்க காலத்தில் கட்டிலுக்கு ஒரே மோட்டார், தலைக்கு மட்டும். அரைப் பெயர் சொன்னாலும் வருவதற்கு வேறு ஆள் இல்லை. பின்னால் காலுக்கு ஒன்று வந்தது, பெயர்கள் நீண்டன. மற்ற பொத்தான்களை எல்லாம் முழுப் பெயர் சொல்லிக் கேட்கும்படி மாற்றினார்கள். சிவப்புப் பொத்தானை மட்டும், ஆபத்துக்கு உள்ளதாயிற்றே, நன்றாகத்தானே ஓடுகிறது, நமக்கேன் வம்பு என்று ஒருவரும் தொடவில்லை. தலை மேலே எழுதப்பட்டிருந்த ஒரே புண்ணியத்தில் அது இத்தனை காலம் ஓடியிருக்கிறது. வரியை எழுதியவர் யார் என்று பார்த்தாள். மேலாளர். அவர் மேலாளர் ஆவதற்கு முன்னால் எழுதியது.

அந்த வரியை அவளே எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறாள். பாலை முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் வைக்காதவள், பழசு என்பதற்காக ஒரு வரியை நம்பியிருக்கிறாள். கூட வேலை பார்த்த மனுஷனை நம்பவில்லை.

கூட்டத்தில் அவள் பேசப் பேச மேலாளர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். "அன்னைக்கு ஒரே மோட்டார்தாம்மா இருந்துச்சு" என்றார் கடைசியில்.

"அதைத் தப்புன்னு நான் சொல்லல சார். ஆனா அந்தத் தம்பி தப்புப் பண்ணலைங்கறதை நீங்க இந்த அறையில வெச்சே சொல்லணும்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேலாளர் இரண்டு முறை இருமிவிட்டுச் சொன்னார். இழுப்பறையிலிருந்து சான்றிதழை எடுத்துக் கையெழுத்தும் போட்டார். வரியில் முழுப் பெயரைச் சேர்த்து, சோதனை அறை அம்மாளை மறுபடி படுக்க வைத்தார்கள். சிவப்பை அழுத்தியதும் தலைப்பக்கம் சட்டென்று இறங்கியது. "அப்பாடா, பொழச்சுக்கிட்டேன்" என்றார் அவர்.

சான்றிதழைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக வாங்கிக்கொண்டு தூண் பக்கம் போனாள். அவன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாங்கிப் படித்தான், "தேங்க்ஸ்கா" என்றான்.

"தம்பி, அந்த மரத்தை எதுக்கு அடுக்கினீங்க?"

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று, கேட்டு முடித்த பிறகு அவளுக்கே உறைத்தது.

"நான் போனா அது உங்ககிட்டதானேக்கா வரும்? நீங்க ஒவ்வொரு தடவையும் கிளையைத் தேடித் தேடி முணுமுணுப்பீங்க. அகர வரிசையில இருந்தா உங்களுக்குச் சட்டுனு கிடைக்குமேன்னு பாத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா ஏன் எதுக்குன்னு ரெண்டு நாள் விசாரிப்பீங்க" என்று சிரித்தான். "சின்ன வேலை, போறதுக்குள்ள முடிச்சுடலாம்னு நெனச்சேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க தம்பி. நீங்கதான் வேணும்னு பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேன். சார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

"தெரியும்கா."

திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. இனி யாரையும் கேட்காமல் ஒரு வார்த்தை சொல்வதில்லை, கண்ணை மூடிக்கொண்டாவது மனிதரை நம்பிப் பார்ப்பது என்று அந்த நிமிடத்தில் மனதுக்குள் சத்தியமே செய்தாள். நிஜமாகத்தான் செய்தாள்.

அவன் சான்றிதழை வைப்பதற்காகத் தோள்பையின் ஜிப்பைத் திறந்தான். உள்ளே ஒரு சாப்பாட்டு டப்பா, மடக்குக் குடை, சுருட்டி வைத்த ஒரு சார்ஜர். கம்பெனி சார்ஜரும் கறுப்புதானே, அதிலும் இந்த மாதிரித்தானே முனை இருக்கும் என்று அவள் கழுத்து அரை விரல் முன்னால் போயிருந்தது. போனது அவளுக்கே தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோபப்படவில்லை அவன். பையை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சம் விழுகிற மாதிரி இரண்டு கையாலும் அதன் வாயை விரித்துப் பிடித்தான்.

"நல்லா பாத்துக்கோங்கக்கா" என்றான்.