தாங்கிக்க மாட்டேன் என்றவள்

இருபது வருடமாக முழங்காலிட்டே பிழைத்தவள் அவள். தரைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை. அதில் இரண்டு முழங்காலிலும் ஜவ்வு கிழிந்தது.

போன வருடம் வலது காலுக்குச் சாவித்துவார அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்ததும் வலியில் உயிர் போய் உயிர் வந்தது. "ரெண்டு சின்ன ஓட்டைதானம்மா, இதுக்கா இந்தச் சத்தம்?" என்றார்கள் ஆஸ்பத்திரியில். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

இந்த முறை இடது கால். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் பார்க்க வந்தபோது முந்திக்கொண்டாள்.

"நரம்பை மரத்துப்போக வைக்கிற ஊசி இருக்காமே. எனக்கு அது வேணும்."

"சின்ன ஆபரேஷன்தான். மாத்திரையே போதும்."

"ஓட்டை சின்னதுதான் டாக்டர். வலி எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும்."

துணைக்கு வந்த நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "மூட்டை மூட்டையா சிமெண்ட் தூக்குறீங்க. ஒரு நாள் வலியைத் தாங்க முடியாதா, அண்ணி?"

"தாங்கினா மெடலா குத்தப் போறாங்க?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒத்துக்கொண்டார். "தொடையில போடுவேன். நாளைக் காலை வரைக்கும் வலி அவ்வளவா தெரியாது. ஆனா காலுல பலமும் இருக்காது, தனியா எழுந்திரிக்கக் கூடாது. மரப்பு விடுறதுக்கு முன்னாடியே மாத்திரை போட்டுடணும்."

அறுவை முடிந்த மாலை, நாத்தனார் டீ வாங்கப் போயிருந்தாள். அடுத்த கட்டிலில் அதே அறுவை செய்துகொண்ட ஒரு பள்ளி ஆசிரியை, போர்வை நுனியைக் கடித்தபடி நெளிந்துகொண்டிருந்தார்.

"நர்சைக் கூப்பிடுங்க டீச்சர்."

"எதுக்குங்க தொந்தரவு. தாங்கிக்கிறேன்."

இவளே மணியை அழுத்தினாள். மூன்று முறை. யாரும் வரவில்லை. வந்த கோபத்தில் கால் மரத்திருப்பதே மறந்து கட்டிலை விட்டு இறங்கினாள். கால் ஈரத்துணி போல் மடிந்தது. தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள்.

நர்ஸ் ஓடிவந்தாள். "சொன்னா கேக்கவே மாட்டீங்களா?"

"என்னை அப்புறம் திட்டுங்க. டாக்டர் வந்து டீச்சரைப் பார்க்கிற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

நினைத்தாலும் அவளால் எழுந்திருக்க முடியாது. அது நர்சுக்கும் தெரியும். இருந்தாலும் டாக்டருக்குச் சொல்லி அனுப்பினாள்.

அரை மணியில் ஆசிரியைக்கும் அந்த ஊசி போட்டார்கள். இவளைத் தூக்கிக் கட்டிலில் ஏற்றிப் பார்த்தார்கள்; தையல் பிரியவில்லை. டாக்டர் திட்டியதையெல்லாம் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். கடைசியில், "விழுந்தது என் தப்பு. கூப்பிட்டது தப்பில்ல," என்றாள்.

மறுநாள் மரப்பு விட்டது. மாத்திரையை முன்பே விழுங்கியிருந்ததால் வலி அடக்கமாகவே வந்தது.

மூன்று மாதம் கழித்து, முழங்காலுக்குத் தடித்த உறை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

"இதெல்லாம் எதுக்கு? வலி பழகிப்போயிடும்," என்றார் மேஸ்திரி.

"உங்க முட்டியில பழகிக்குங்க," என்று சொல்லிவிட்டுக் கலவையைப் பரப்பத் தொடங்கினாள்.